ஆறு சட்டை, அஞ்சு ஆள்

செப்டம்பர் 9

கரிக்கட்டி,

உன் தகரப் பெட்டி நேத்து வந்து சேர்ந்துச்சு. சாமான் லாரி ஓட்டுற அண்ணன் அதைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கினார், தண்ணி கொடுத்தேன். "உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கேம்ப்ல சாயங்காலம் ஆனா சிரிப்புச் சத்தம் கேக்கும்மா"ன்னார். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே நீ செஞ்ச பொம்மை டாங்கிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போயிட்டார்.

மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு உன் ஜீப்பைக் கொண்டுபோய் இன்னையோட ஒன்பது வாரம். செத்தவனுக்கு யாராவது லெட்டர் எழுதுவாங்களாடின்னு நீ கேப்பே. ஏழாங்கிளாஸோட நின்னவளை எழுத வச்சது நீ. இப்ப நிறுத்துன்னா கை நிக்க மாட்டேங்குது.

நான் எழுதினதையெல்லாம் வெல்டிங் கம்பியில கோர்த்து வச்சிருந்தே, மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. கடைசி ஒண்ணு மட்டும் பிரிக்காம இருந்துச்சு. பாதை திறந்த பிறகுதான் அது மேல போச்சாம். அப்புறம் உன் சட்டைப் பையில இருந்த பெரிய தீப்பெட்டி. ஆபீஸ்காரங்க அதை ஒரு உறையில போட்டு, மேல உன் டோக்கன் நம்பர் எழுதி அனுப்பியிருக்காங்க. அதுக்குள்ள இருந்ததைப் பத்தித்தான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

கேக்கறதுக்கு முன்னாடி உன் லெட்டரையும் என் லெட்டரையும் தேதி பார்த்து அடுக்கினேன். முதல்ல இருந்து ஒரு தடவை படிச்சுட்டு வர்றேன்.

*

பிப்ரவரி 2

வீட்டுக்காரருக்கு,

நீங்க நல்லபடியா சுரங்க வேலைக்குப் போய்ச் சேர்ந்ததா ஆபீஸ்ல சொன்னாங்க. என்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணல. பரவாயில்ல. அங்க போன் எடுக்காதாம், வாரத்துக்கு ஒரு லாரி போகுமாம், லெட்டர் கொடுத்தா சேர்ந்துடுமாம். அதான் எழுதறேன். எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதீங்க.

நான் செஞ்சது தப்புதான். எப்படி நடந்துச்சுன்னு கேக்காமலே போயிட்டீங்க. இப்பவாவது கேட்டுக்குங்க.

மூணு வருஷமா அந்தப் பலகை நம்ம கட்டில் காலடியில கிடக்கு. நீங்க கையால செஞ்ச பொம்மைங்க: ரெண்டு டாங்கி, ஒரு பீரங்கி, இடிஞ்ச தெரு, அஞ்சு சிப்பாய். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு, எனக்கு ஞாயித்துக்கிழமைதான் ட்யூட்டி. நீங்க அதுல என்ன செய்றீங்கன்னு நான் என்னைக்குப் பார்த்தேன்? போன மாசம் நீங்க ஒரு வாரம் வெளியூர் வேலைக்குப் போனப்ப கூட்டும்போது குனிஞ்சு பார்த்தேன். டாங்கி பூரா சேறு. ஓரமெல்லாம் துரு. பீரங்கி வாயில கரி. ஐயோ, சுவத்து ஈரம் பட்டு மனுஷனோட மூணு வருஷ உழைப்பு வீணாப் போகுதேன்னு பதறிப்போச்சு.

பதினேழு வருஷமா ஆஸ்பத்திரிச் சலவையில கறைப் பிரிவுல நிக்கிறவ நான். காய்ஞ்ச ரத்தத்தையே எடுப்பேன், இது எம்மாத்திரம்? வெதுவெதுன்னு தண்ணி, பழைய பல்லு பிரஷ், குழந்தை சோப்பு. ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு சக்கரமாத் தேய்ச்சேன். புதுப் பாத்திரம் மாதிரி ஆயிடுச்சு. நீங்க வர்ற அன்னைக்குக் கதவுக்குப் பின்னால நின்னேன், உங்க முகத்தைப் பார்க்க.

பார்த்தேன்.

அந்தச் சேறு நீங்களே போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உலகத்துல யாராவது காசு கொடுத்துச் சேறு பூசுவாங்களா? "நீ தொட்டது எல்லாம் வெளுத்துப் போகும்"னு ஒரே வார்த்தை சொன்னீங்க. மறுநாள் நான் வேலையில இருந்து வர்றதுக்குள்ள பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. கொடியில காய்ஞ்சுக்கிட்டிருந்த உங்க நீலச் சட்டையைக்கூட ஈரத்தோட உருவிட்டுப் போயிருக்கீங்க. க்ளிப்பு கீழ கிடந்துச்சு.

இப்படிக்கு, உங்க மனைவி.

*

பிப்ரவரி 19

சோப்புக்கட்டி,

உன் லெட்டரைப் படிச்சேன். வேற எதுவும் சுடல. இந்த "நீங்க"தான் சுட்டுச்சு. ஊருக்கு முன்னால நீங்க, வீட்டுக்குள்ள நீ. பதினொரு வருஷமா அப்படித்தானே இருந்தோம்? இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல எந்த ஊர் வந்து நிக்குது?

ஈரச் சட்டை பைக்குள்ளயே நாறிப்போச்சு. எடுத்துப் போட்டா கேம்ப்ல யாரும் பக்கத்துல படுக்கல. எனக்கு வேணும்.

கோபம் முழுசாப் போகலன்னு நெஜத்தைச் சொல்லிடறேன். ஆனா நடந்ததை நேத்து மெஸ்ல சொன்னேன் பாரு, பம்ப் ஓட்டுற கிழவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சார். "டாங்கியைக் குளிப்பாட்டி விட்டாளா? பவுடர் போட்டாளா?"ன்னார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கோபத்துக்கு நடுவுல சிரிப்பு வந்தா அந்தக் கோபம் அப்புறம் சரியா நிக்கிறதில்ல.

ஒரு தப்பு என் மேல. சேறு போட்டா அது மேல ஒரு பளபளப்பில்லாத வார்னிஷ் அடிக்கணும். அடிச்சிருந்தா உன் பிரஷ்ஷுக்கு அசைஞ்சிருக்காது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னு தள்ளிட்டேன்.

இதுவரைக்கும் உன்கிட்ட சொல்லாத ஒண்ணு. அப்பா டாங்கி ஓட்டினவர்னு உனக்குத் தெரியும். சண்டையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே ஒரு தடவை, நான் வற்புறுத்திக் கேட்டப்ப சொன்னார்: "ஒரு தெருவுல ஒரு நாள் பூரா சும்மா இருந்தோம். வெயில் நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான். அந்த நாளைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன். வேற எந்த நாளும் அவர் எனக்குக் கொடுக்கல.

பலகையைத் துணி போட்டு மூடி வை. தொடாதே.

கரி.

*

மார்ச் 1

கரிக்கட்டி,

தொடுவேன்.

என்னால போனதை நான்தான் கொண்டு வரணும். கறை எடுக்கிறவளுக்குக் கறையைப் போடத் தெரியாதா? ஒரு துணியைப் பார்த்தா அதைப் போட்டவன் எந்தக் கையால சாப்பிடுவான், எந்த முட்டியை ஊன்றி உக்காருவான்னு சொல்லுவேன். நீ சிப்பாய்ங்களுக்குப் போட்டிருந்த அழுக்கை இப்ப நெனச்சுப் பார்த்தா சிரிப்பு வருது. பேன்ட் பூரா ஒரே மாதிரி. மனுஷன் அப்படி அழுக்காக மாட்டான். முட்டியில சேறு, தொடையில எண்ணெய், ஏன்னா கையைத் துடைக்கிற இடம் அதுதான். கால் ஓரத்துல உள்பக்கம்தான் அதிகம். சொன்னா ரோஷம் வரும் உனக்கு, சொல்லிட்டேன்.

டாங்கிக்குத்தான் தெரியல. அதுக்கும் போனேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால தெரு தோண்டறாங்க, சங்கிலிச் சக்கரம் வச்ச மெஷின் ஒண்ணு நிக்குது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய்ச் சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஓட்டறவர் மேல இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"இல்லண்ணே, சேறு பார்க்கறேன்."

"சேறா? எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "அவருக்கு உடம்பு ஏதாவது…"ன்னு இழுத்தார். நடந்ததைச் சொன்னேன். இறங்கி வந்து சங்கிலியை ஓட்டிக் காட்டினார் பாவம். சேறு முன்னால கம்மி, பின்னால அதிகம். சக்கரத்துப் பக்கம் ஈரம், மேல வெளுத்துக் கிடக்கு. ஏறி இறங்கற இடத்துல பெயின்ட் தேய்ஞ்சு இரும்பு மின்னுது. "நாளைக்கு வண்டியைக் கழுவற நாளும்மா"ன்னார். "கழுவாதீங்கண்ணே, நான் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரணும்"னேன். சரின்னுட்டார்.

சேத்தை எதுல கலக்கறது, அதை மட்டும் எழுது.

சோப்பு.

*

மார்ச் 20

சோப்புக்கட்டி,

அந்த மெஷின்காரர் என்னைப் பைத்தியம்னு நெனச்சாரா, உன்னையா? எதுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு நாள் டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்.

அலமாரிக்கு மேல பிஸ்கட் டப்பாவுல கலர் சாக்பீஸ் இருக்கு. பிரவுனையும் சாம்பலையும் உப்புத்தாள்ல தேய்ச்சுத் தூளாக்கு. நெஜமான மண்ணு வேணும்னா உன் சேலைத் துணியில ரெண்டு தடவை சலி. ஒரு கல்லு தங்கினாலும் அந்த அளவுக்கு அது பாறாங்கல்லு. எல்லாம் நெஜ அளவுல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு, மறந்துடாதே. பெயின்ட் தின்னர்ல கரைச்சு ஒரே தடவையில பூசாதே, தொட்டுத் தொட்டு வை. கறை எடுக்கும்போது நடுவுல இருந்து ஓரத்துக்குப் போவியா, ஓரத்துல இருந்து நடுவுக்கா? அதைத் திருப்பிப் போடு, வந்துடும்.

நீ தேய்ச்சதுல பீரங்கியோட இடது சக்கரம் உடைஞ்சிருக்கே, அன்னைக்கு அதை நீ சொல்லல, நான் பார்த்தேன். ஒட்டிடு. முதல்ல சின்ன டாங்கியில ஆரம்பி. கெட்டுப்போனாப் போகட்டும்.

கெட்டுப்போனாப் போகட்டும்னு எழுதும்போதுதான் தெரிஞ்சுது, கோபம் போயிடுச்சு.

கரி.

*

ஏப்ரல் 11

கரிக்கட்டி,

சக்கரத்தை ஒட்டி உனக்குத் தெரியாம மறைச்சுடலாம்னு இருந்தேன். சரி விடு.

சின்ன டாங்கி முதல் தடவை மரவட்டை மாதிரி வந்துச்சு. கழுவிட்டேன். ரெண்டாம் தடவை பரவாயில்லாம இருந்துச்சு, ஆனா என் கை இருக்கே, பூசும்போதே ஓரத்தைத் துடைச்சுக்கிட்டே வருது. பதினேழு வருஷப் பழக்கம். அழுக்கைப் பார்த்துட்டுச் சும்மா இருன்னா கேக்க மாட்டேங்குது. கடைசியில இடது கையால பூசினேன். அதுக்கு வேலை தெரியாதுல்ல, அது போட்டதுதான் நெஜமான சேறு மாதிரி வந்துச்சு. மெஷின்காரண்ணன்கிட்ட ஒரு துணியில சுத்திக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதை எங்க ஓட்டினீங்க, இவ்வளவு மோசமாக் கிடக்கு?"ன்னார். அன்னைக்கு வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

வார்னிஷ் அடிச்சுட்டேன். அன்னைக்கே.

இப்ப ஒரு சந்தேகம். உங்கப்பா ஒரு நாள் பூரா சும்மா இருந்தோம்னார். அஞ்சு ஆம்பளைங்க, உடம்பெல்லாம் இந்த அழுக்கு, ஒரு நாள் பூரா வேலை இல்ல, வெயில் நல்லா இருக்கு. நீ ஒருத்தனைப் பீடி பிடிக்க வச்சிருக்கே, ஒருத்தனைத் தூங்க வச்சிருக்கே, ஒருத்தன் மேப் பார்க்கறான். துணி எங்கே? யாருமே துவைக்கலியா?

சோப்பு.

*

மே 4

சோப்புக்கட்டி,

உன் லெட்டரை மூணு நாளா வச்சுக்கிட்டிருந்தேன். முதல்ல மெஸ்ல படிச்சுக் காட்டலாம்னுதான் எடுத்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மடிச்சுப் பையில வச்சுட்டேன்.

வெயில் நல்லா இருந்துச்சுன்னு ஏன் சொன்னார்? எத்தனை வருஷமா யோசிச்சிருக்கேன் தெரியுமா? அவர் வெயிலைப் பத்திப் பேசற ஆளே இல்ல. வெயிலோ மழையோ, வேலைன்னா போவார், வருவார். டாங்கிக்குள்ள உக்காந்தவனுக்கு வெயில் நல்லதா? வெந்துபோவான். வெயில் நல்லா இருக்குன்னு யார் சொல்லுவா? கொடியில துணி போட்டவன்தான் சொல்லுவான்.

மூணு வருஷம் உக்காந்து செஞ்ச நான் பார்க்காததை நீ கழுவிவிட்டுப் பார்த்துட்டே.

பீரங்கிக் குழாய் நுனியில இருந்து பெரிய டாங்கியோட கொக்கி வரைக்கும் ஒரு கொடி கட்டு. உன் இஷ்டத்துக்குத் துணி போடு. அதுல எனக்கு என்ன தெரியும், நீதான் மேஸ்திரி.

கரி.

*

மே 26

கரிக்கட்டி,

கொடி கட்டியாச்சு. நூல் எல்லாம் வடம் மாதிரி தெரிஞ்சுது. என் தலைமுடி ஒண்ணை எடுத்தேன். கறுப்பு சரியா வரல, நரைச்சதுதான் அச்சு அசலா கயிறு மாதிரி இருக்கு. நரை வந்ததுக்கு ஒரு பிரயோஜனம்.

சட்டை தைக்கப் போய் அழுதுட்டேன். உன் கைக்குட்டையைத் தபால்தலையில பாதி அளவுக்கு வெட்டிப் போட்டா, கோணிப்பை மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. புதுச் சட்டைப் பெட்டிக்குள்ள மடிப்புக்கு நடுவுல ஒரு மெல்லிசுத் தாள் வைப்பாங்களே, அது ஞாபகம் வந்துச்சு. அதை நகம் வெட்டற கத்தரியால வெட்டி, பசைத் தண்ணியில நனைச்சுத் தொங்க விட்டேன். கரி, நீ பார்க்கணும். கொடியில இருந்து அது தொங்கின அழகு இருக்கே, நெஜத் துணி தோத்துச்சு.

நான் எப்படிப் போடுவேனோ அப்படியே போட்டிருக்கேன், தலைகீழா, ஓரத்துல க்ளிப்பு. கழுத்துல க்ளிப்பு போட்டா அச்சு விழும். கீழ படம் வரைஞ்சிருக்கேன். சிரிக்காதே, அது டாங்கிதான், எருமை இல்ல.

இன்னும் நிறம் போடல. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு.

சோப்பு.

*

ஜூன் 20

சோப்புக்கட்டி,

எருமை நல்லா இருக்கு.

படத்தைப் பம்ப் கிழவர்தான் எண்ணினார். "ஏம்ப்பா, ஆள் அஞ்சு, சட்டை ஆறு. உன் பொண்டாட்டிக்குக் கணக்கு வராதா?"ன்னார். நானும் எண்ணினேன். ஆறுதான். அது யாரோட சட்டைன்னு எனக்குத் தெரியும். ஈரத்தோட உருவிட்டு வந்தவன் சட்டை. நீ வாயால சொல்லாததை இப்படித்தான் சொல்லுவே.

சட்டை இருக்குன்னா ஆள் வேணுமே. ரெண்டு வாரமா சாயங்காலத்துல உக்காந்து ஆறாவது ஆளைச் செஞ்சுக்கிட்டிருக்கேன். உள்ள வெல்டிங் கம்பி, மேல மரத்துக்குப் பூசற புட்டி. கொடிக்கிட்ட நிக்கிறவன். கையைத்தான் நாலு தடவை வெட்டி வெட்டி வச்சேன். வாயில ஒரு க்ளிப்பு வச்சிருக்கான், உன்னை மாதிரியே. முகத்துல என் ஜாடையும் வந்திருக்கு, அப்பா ஜாடையும் வந்திருக்கு, யாருன்னு நீ பார்த்துச் சொல்லு.

சட்டைக்கு நிறம் போடாதே. அவன் கையைப் பார்த்தா உனக்கே தெரிஞ்சுடும்.

ஜூலை எட்டாம் தேதி இறங்கறேன். பத்து நாள் லீவு. அவனைச் சட்டைப் பையில வச்சுக் கொண்டு வர்றேன், நீயே ஒட்டு.

கரி.

*

ஜூலை 1

கரிக்கட்டி,

இது கைக்கு வருதோ, அதுக்கு முன்னால நீ வந்துடுவியோ. இருந்தாலும் எழுதறேன்.

ரெண்டு டாங்கியும் முடிஞ்சுது. பீரங்கி வாயில மட்டும் கரி போடல, சும்மா இருந்த நாள்ல எதுக்குக் கரின்னு விட்டுட்டேன். தப்புன்னா சொல்லு. எட்டாம் தேதிக்கு லீவு சொல்லியாச்சு. மேஸ்திரியம்மா, "பதினேழு வருஷத்துல நீ கேக்கற மூணாவது லீவுடி, போ"ன்னாங்க.

இந்தத் தடவை கதவுக்குப் பின்னால நிக்க மாட்டேன். வாசல்லயே நிப்பேன்.

அந்த நாறிப்போன நீலச் சட்டையையும் கொண்டு வா. நீயே துவைக்கிறேன்னு எதுவும் பண்ணிடாதே. என் வேலை அது.

சோப்பு.

*

செப்டம்பர் 9, சாயங்காலம்

கரிக்கட்டி,

படிச்சு முடிச்சுட்டேன். அழல, நடுவுல ரெண்டு தடவை சிரிச்சேன். எருமைக்கு ஒரு தடவை.

நீலச் சட்டை பெட்டியில இருக்கு. நாறல. நீயே துவைச்சிருக்கே, வேண்டாம்னு நான் எழுதினதுதான் உன் கைக்கு வரவே இல்லையே. கழுத்துல க்ளிப்பு போட்டு அச்சு விழுந்திருக்கு. அதை நீவிப் பார்த்தேன், நான் எடுத்தா ஒரு நிமிஷத்துல போயிடும். எடுக்கல.

தீப்பெட்டியைத் திறந்தேன். பஞ்சுக்கு நடுவுல ஆறாவது ஆள். ரெண்டு கையும் மேல தூக்கியிருக்கு, ஒரு குதிகால் எழும்பியிருக்கு, வாயில க்ளிப்பு. ஒரு விரல் நுனி உடைஞ்சிருந்துச்சு, பஞ்சுலயே கிடந்துச்சு, ஒட்டிட்டேன். முகம் உன்னோடதுதான். உங்கப்பாவை நான் பார்த்ததில்ல, அதனால எனக்கு நீதான். அவனைக் கொடிக்குப் பக்கத்துல நிறுத்திப் பார்த்தேன், ஆறாவது சட்டைக்கு நேரா. கை சரியாக் கொடிக்கு வருது. அளவெடுக்காமலே எப்படிடா செஞ்சே?

அவனை ஒட்டிட்டா பலகை முடிஞ்சுது. மெஷின்காரண்ணன் கண்ணாடிப் பெட்டி செய்ய ஆள் பார்த்துத் தர்றேன்னிருக்கார். நிறம்தான் பாக்கி. அங்கதான் நிக்கிறேன்.

ஈரத் துணின்னா ஒரு கை அழுத்தமா நிறம் போடணும். கீழ்ப் பக்கம் கனத்துத் தொங்கணும், அடியில தரையில ஒரு சொட்டு நனைஞ்சிருக்கணும். காய்ஞ்ச துணின்னா வெளுப்பு. ஒரு பக்கமாக் காத்துக்கு ஆடணும். ரெண்டும் எனக்குத் தெரியும். எது வேணும்னுதான் தெரியல.

காயப் போடறான்னா, காலையில பத்து மணி. வெயில் இப்பத்தான் ஏறுது. இன்னும் ஒரு நாள் பூரா அவங்களுக்கு இருக்கு, யாரும் எங்கயும் போக வேண்டாம். எடுக்கறான்னா, கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு.

கையைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்னு எழுதினே. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்தேன், வந்து பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தேன். எழுந்து நம்ம கொடிக்கிட்டப் போய் நானும் அப்படிக் கையைத் தூக்கி நின்னு பார்த்தேன். போடும்போதும் இப்படித்தான் நிக்கிறேன், எடுக்கும்போதும் இப்படித்தான் நிக்கிறேன். வாயில க்ளிப்பு ரெண்டுக்கும் இருக்கு.

தின்னர் திறந்தே இருக்கு, தூளைக் கலக்கணும். பிரஷ் இடது கையில இருக்கு.

சொல்லுடா கரி, இவன் சட்டையைக் காயப் போடறானா, எடுக்கறானா?